முக்கால் நர்ஸ், கால் நர்ஸ்

இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனை. அதில் ஒரு பொது வார்டு. நர்ஸ்கள் தேநீர் குடிக்கும் அறையின் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 30 பெயர்கள். மேலே வரிசையாக 28 தேதிகள். ஆக 840 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: பகல், இரவு, ஆஃப். நம் ஊர் மருத்துவமனைகளில் டியூட்டி சார்ட் என்று சொல்வார்களே, அதுதான்.

பார்ப்பதற்குப் பரம சாதுவான தாள். பல காலம் வார்டு சிஸ்டர்கள் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து இதைப் போட்டார்கள். ஒரு கட்டத்தை அழித்து மாற்றினால் வேறு நான்கு கட்டங்கள் இடிக்கும். அவற்றைச் சரிசெய்தால் ஒருவருடைய விடுப்பு போய்விடும். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியைக் கணினி செய்கிறது. கணினிதானே, எல்லா வழிகளையும் போட்டுப் பார்த்துச் சிறந்ததைப் பொறுக்கிவிடும் என்று நினைத்தால், அங்கேதான் ஏமாந்துபோவோம். அப்படிப் பார்க்க முடியாது. எந்தக் கணினியாலும், எந்தக் காலத்திலும் முடியாது. அப்படியிருந்தும் பட்டியல் நேரத்துக்கு வந்துவிடுகிறது. அது எப்படி என்பதில் கடந்த முக்கால் நூற்றாண்டின் அழகான கணிதம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஓர் எளிய கேள்வி. வார்டில் ஒரு நர்ஸுக்கான இடம் இருக்கிறது. அது வாரம் முழுக்க, இரவும் பகலும் காலியாகவே கூடாது. எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்?

மூன்று பேர் என்று வாயில் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே பல வார்டுகளில் ஷிஃப்ட் இரண்டுதான். பகல் டியூட்டி காலை 7.30 முதல் இரவு 8 வரை. இரவு டியூட்டி மாலை 7.30 முதல் மறுநாள் காலை 8 வரை. ஒவ்வொன்றும் பன்னிரண்டரை மணி நேரம். இரண்டையும் கூட்டினால் 25. அதாவது வார்டுக்கு ஒரு நாளைக்கு 25 மணி நேரம்! அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம்தான் வார்டைக் காப்பாற்றுகிறது. வேலை முடிந்து போகிறவர், வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்க வேண்டும். ஐந்தாம் படுக்கைக்காரருக்குச் சிறுநீர் குறைவாகப் போகிறது, எட்டாம் படுக்கைக்கு ஆறு மணிக்கு ஊசி. இதைச் சொல்ல இருவரும் ஒரே நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி.

ஷிஃப்ட் ஒன்றுக்கு ஒரு மணி நேர இடைவேளை உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. மிச்சம் பதினொன்றரை மணி நேரம். வாரத்துக்கு 14 ஷிஃப்ட் என்றால் 161 மணி நேரம். முழுநேர நர்ஸ் ஒருவர் வாரத்துக்கு 37½ மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். வகுத்தால் 4.3 பேர். அவருக்கு விடுப்பு உண்டு. வேலையில் சேரும்போதே ஆண்டுக்கு 27 நாளும் 8 பொது விடுமுறையும். காய்ச்சல் வரும், பயிற்சி வகுப்பு வரும். நூறு மணி நேரத்தில் 22 மணி நேரம் இப்படிப் போகும் என்று வைத்துக்கொண்டால் விடை ஐந்தரை. ஓர் இடம், ஐந்தரை மனிதர்கள்! எந்நேரமும் ஐந்து நர்ஸ்கள் நிற்க வேண்டிய வார்டின் சுவரில், பகுதிநேரக்காரர்களும் சேர்ந்து, 30 பெயர்கள் இருப்பது அதனால்தான்.

இந்தக் கணக்கின் மூலையில் ஒரு சின்னக் குறும்பு உண்டு. நான்கு வாரத்துக்கு ஒருவர் 150 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். பதினொன்றரை மணி நேர ஷிஃப்ட் 13 போட்டால் 149½. அரைமணி குறைகிறது. கையால் பட்டியல் போடுகிறவர் அதைக் கண்டுகொள்ளமாட்டார். ஆனால் ஆண்டுக்கு இப்படி 13 முறை வரும்; ஒருவருக்கு ஆறரை மணி நேரம். முப்பது பேரும் முழுநேரம் என்றால் 195 மணி நேரம். கிட்டத்தட்ட 17 முழு ஷிஃப்டுகள் யார் கண்ணிலும் படாமல் அரை அரை மணியாகக் கசிந்துவிடும். மென்பொருள் இந்த அரைமணிகளைப் பெயர் வாரியாகச் சேர்த்துவைத்து, ஒரு ஷிஃப்ட் அளவுக்குத் திரண்டதும் அதைப் பட்டியலில் நுழைக்கிறது. ஊழியர்களுக்கு இந்த அம்சம் அவ்வளவாகப் பிடிக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து விதிகள். பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. பகல் டியூட்டி இரவு 8 மணிக்கு முடிகிறது, மறுநாள் 7.30க்கு மீண்டும் வர வேண்டும். இடைவெளி பதினொன்றரை மணி நேரம். மிச்சம் அரைமணி மட்டுமே. ஒரு நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத் திணறி, நர்ஸ் 8.40க்குத்தான் கிளம்புகிறார் என்றால் ஓய்வு விதி அப்போதே உடைந்துவிடும்; பிறகு ஈடாக ஓய்வு தர வேண்டும். பயிற்சி மருத்துவர்களுக்கு 2016இல் வந்த ஒப்பந்தம் இன்னும் நுணுக்கமானது. ஒரு ஷிஃப்ட் 13 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு இரவுகளுக்கு மேல் கூடாது. இரவு டியூட்டிகளை முடித்தவருக்கு அடுத்து 46 மணி நேரம் ஓய்வு. எந்த 168 மணி நேரத்தை எடுத்தாலும் அதில் வேலை 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கவனியுங்கள், திங்கள் முதல் ஞாயிறு வரை என்று சொல்லவில்லை; எந்த 168 மணி நேரமும். புதன்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து எண்ணினாலும் சரியாக வர வேண்டும். மனிதக் கண் இதைத் தவறவிடும். கணினிக்கு, நகரும் ஒரு சட்டகத்தை 28 நாள் நெடுகத் தள்ளிப் பார்ப்பது நொடிக்குள் முடிகிற வேலை.

இந்த எண்கள் யாரோ மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்தவை அல்ல. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் ஒரு சோதனை செய்தார்கள். தூங்காமல் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவையும், மது அருந்தியவரின் ஒத்திசைவையும் ஒரே அளவுகோலில் அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரைப்போலத் தடுமாறினார். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்ச அளவு 0.03. காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலில் கண் மூடாமல் இரவு டியூட்டிக்கு வந்தவர் பதினொரு மணிக்கே அந்த நிலையைத் தொட்டுவிடுவார். அதற்கப்புறம் விடியும்வரை அவர் கையில் ஊசி இருக்கும்.

ஷிஃப்டுகளை எந்த வரிசையில் மாற்றுவது என்பதிலும் ஒரு ரகசியம் உண்டு. நம் உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஓடுகிறது. அதனால் தள்ளித் தூங்குவது நமக்கு எளிது, முந்தித் தூங்குவது கடினம். 1982இல் சார்லஸ் செய்ஸ்லரும் சகாக்களும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சுழல் ஷிஃப்டில் வேலை பார்த்த தொழிலாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். பின்னோக்கிச் சுழன்ற ஷிஃப்டை, காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பி, சுழற்சியின் வேகத்தையும் குறைத்தார்கள். தொழிலாளர்களின் மனநிறைவும் உடல்நலமும் மேம்பட்டன, உற்பத்தியும் ஏறியது. அதே கட்டங்கள், அதே எழுத்துகள். வரிசையும் வேகமும் மட்டும் வேறு. இன்றைய பட்டியல் மென்பொருள்களில் இதுவும் ஒரு விதியாக உட்கார்ந்திருக்கிறது.

இப்படிச் சட்டம், ஒப்பந்தம், உடல் எல்லாவற்றிலிருந்தும் விதிகள் வருகின்றன. வார்டிலிருந்தும் வருகின்றன: ஒவ்வொரு ஷிஃப்டிலும் பொறுப்பேற்கத் தகுந்த மூத்தவர் ஒருவர் வேண்டும், புதிதாகச் சேர்ந்த இருவரை மட்டும் ஓர் இரவில் தனியே விடக் கூடாது. மனிதர்களிடமிருந்தும் வருகின்றன: எனக்குப் புதன் மாலை வகுப்பு, என் பிள்ளைக்கு 14ஆம் தேதி பிறந்த நாள். கணிதக்காரர்கள் இவற்றை இரண்டு கூடையில் போடுகிறார்கள். உடைக்கவே கூடாதவை ஒரு கூடை. முடிந்தவரை காப்பாற்ற வேண்டியவை இன்னொரு கூடை. இரண்டாவது கூடையில் உள்ளதை மீறினால் அபராதப் புள்ளி விழும். மொத்த அபராதம் குறைந்த பட்டியல் சிறந்த பட்டியல்.

சரி, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டால் என்ன? ஒரு நர்ஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். 28 நாள், நாளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றை 28 முறை பெருக்கினால் சுமார் 23 லட்சம் கோடி. ஒரு நொடிக்கு 100 கோடி பட்டியல்களை அலசும் கணினி இருந்தால் சுமார் ஆறேகால் மணி நேரத்தில் முடித்துவிடும். பரவாயில்லையே! இரண்டாவது நர்ஸையும் சேர்ப்போம். முதலாமவரின் ஒவ்வொரு வாய்ப்புக்கும் இவருக்கு 23 லட்சம் கோடி வாய்ப்பு. இப்போது அதே கணினிக்குச் சுமார் 1,650 கோடி ஆண்டுகள் தேவை. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். ஒரு நர்ஸுக்கு ஆறேகால் மணி நேரம். இரண்டு நர்ஸுக்குப் பிரபஞ்சம் போதவில்லை. இன்னும் 28 பேர் காத்திருக்கிறார்கள். முப்பது பேருக்கும் சேர்த்து வரும் எண்ணை எழுத 401 இலக்கங்கள் வேண்டும். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களைத் தோராயமாக எண்ணிச் சொல்ல 81 இலக்கம் போதும்.

இதில் இன்னொரு விசித்திரம். முடிந்த பட்டியல் ஒன்றை உங்கள் கையில் கொடுத்து, எல்லா விதியும் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், பொறுமை இருந்தால் ஒரு மதியப்பொழுதில் சரிபார்த்துவிடலாம். கணினி கண் சிமிட்டும் நேரத்தில் செய்யும். சரிபார்ப்பது எளிது, கண்டுபிடிப்பதுதான் மலை. விடையைச் சரிபார்ப்பது எளிது என்றால், விடையைக் கண்டுபிடிக்கவும் எங்கேயோ ஓர் எளிய வழி இருந்தாக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாருக்கும் பதில் தெரியாது. கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இதற்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. டியூட்டி பட்டியல் எவ்வளவு பெரிதானாலும் விரைவாகவும் தவறாமலும் போட்டு முடிக்கும் பொது வழி ஒன்றை யாராவது நிறுவினால் அந்தப் பரிசு அவருக்குத்தான். தேநீர் அறைச் சுவரில் தொங்குவது அப்பேர்ப்பட்ட புதிர்.

கணிதக்காரர்கள் மலையில் ஏறவில்லை. மலையின் பெரும்பகுதியைப் பார்க்காமலே ஒதுக்கிவிடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முதல் படி கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானது: நர்ஸைத் துண்டு போடுவது. சனிக்கிழமை இரவுக்கு இவர் முக்கால், அவர் கால் என்று பின்னத்தில் போட அனுமதித்துவிட்டால், கணக்கு திடீரென்று சுலபமாகிவிடுகிறது. பின்னங்களை அனுமதிக்கும் இந்த வகைக் கணக்குக்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். நேர்கோட்டுச் சமன்பாடுகளின் எல்லைக்குள் சிறந்த புள்ளியைத் தேடுவது. அமெரிக்க விமானப் படைக்காகத் திட்டக் கணக்குகள் போட்டுக்கொண்டிருந்த ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் இதற்குச் சிறந்த வழி ஒன்றைத் தந்தார்.

முக்கால் நர்ஸை வைத்துக்கொண்டு வார்டு நடத்த முடியாதுதான். ஆனால் அந்தப் பின்னப் பட்டியல் ஓர் அரிய தகவலைத் தருகிறது. ஆட்களைத் துண்டு போடும் சலுகை இருந்தும் அபராதம் 37 புள்ளிக்குக் கீழே போகவில்லை என்றால், முழு ஆட்களை வைத்துப் போடும் எந்தப் பட்டியலும் 37க்குக் கீழே போகவே முடியாது. இல்லாத பட்டியல், இருக்கப்போகும் எல்லாப் பட்டியல்களுக்கும் ஒரு தரையைப் போட்டுவிடுகிறது.

அந்தத் தரையை ஆயுதமாக்கியவர்கள் இரண்டு பெண்கள். லண்டன் பொருளியல் பள்ளியில் இருந்த எய்ல்சா லேண்டும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அலிசன் டாய்க்கும் 1960இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய வழி இது. ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள். இவருக்கு 14ஆம் தேதி இரவு டியூட்டி உண்டா, இல்லையா? உண்டு என்றால் ஒரு கிளை, இல்லை என்றால் இன்னொரு கிளை. ஒவ்வொரு கிளையிலும் மிச்சமிருப்பவர்களைத் துண்டு போட்டுத் தரையைக் கண்டுபிடி. உன் கையில் ஏற்கெனவே 52 புள்ளியில் ஒரு நல்ல பட்டியல் இருக்கிறது. இந்தக் கிளையின் தரையோ 55. அப்படியென்றால் இதற்குள் எத்தனை கோடி கோடிப் பட்டியல்கள் இருந்தாலும் ஒன்றுகூட 52ஐ வெல்லாது. வெட்டி எறி. ஒன்றையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை! ஒரே வெட்டில் பிரபஞ்ச அணுக்களைவிட அதிகமான பட்டியல்கள் கீழே விழுகின்றன. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். பார்க்காமலே, தவறு நேராத நிச்சயத்தோடு ஒதுக்குவது.

நர்ஸ் பட்டியலுக்கு இந்த வகைக் கணிதத்தைப் பயன்படுத்திய இரண்டு முக்கியக் கட்டுரைகள் 1976இல், ஒரே ஆய்விதழில் வந்தன. ஒன்று மைக்கேல் வார்னர் எழுதியது. மற்றது மில்லர், பியர்ஸ்கல்லா, ராத் மூவரும் எழுதியது. வார்னர் ஒவ்வொரு நர்ஸிடமும் எது எவ்வளவு பிடிக்காது என்று கேட்டு, அந்த வெறுப்பையே எண்ணாக்கிக் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நடந்த வேக மாற்றத்தை நம்புவது கடினம். இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிய ராபர்ட் பிக்ஸ்பி, அதன் 1991ஆம் ஆண்டுப் பதிப்பையும் 2007ஆம் ஆண்டுப் பதிப்பையும் ஒப்பிட்டார். கணினியின் வேகம் கூடியதை ஒதுக்கிவிட்டு, கணித உத்திகள் மேம்பட்டதை மட்டும் அளந்தார். சுமார் 29,000 மடங்கு! முன்பு ஒரு முழு நாள் எடுத்த கணக்கு, அதே இயந்திரத்தில் மூன்று நொடி. சில்லுத் தயாரிப்பாளர்களின் புகழ்தான் உலகுக்குத் தெரியும். கணிதக்காரர்களின் புகழ் காகிதத்தோடு நின்றுவிட்டது.

அந்த உத்திகளில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கட்டம் கட்டமாக யோசிப்பதை விட்டுவிட்டு, ஒரு நர்ஸின் 28 நாள் வரிசை முழுவதையும் ஒரே துண்டாகப் பார். சட்டத்துக்கு உட்பட்ட வரிசைகள் ஒருவருக்கே எண்ணில் அடங்காதவை. ஆகவே ஆளுக்குச் சில வரிசைகளோடு மட்டும் தொடங்கி, கிடைத்ததை வைத்துப் பின்னக் கணக்கைப் போடு. விடையோடு கூடவே ஓர் இலவசம் வரும்: ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு விலை. இதற்கு நிழல் விலை என்று பெயர். யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. அந்த ஷிஃப்டுக்கு இன்னும் ஒருவர் கிடைத்தால் மொத்தப் பட்டியல் எவ்வளவு மேம்படும் என்பதைச் சொல்லும் எண் அது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் கோயம்பேட்டில் மல்லிகை விலை ஏறுவதுபோல், ஆள் கிடைக்காத சனிக்கிழமை இரவின் விலை தானாக ஏறி நிற்கும். எல்லாரும் போட்டிபோடும் செவ்வாய்க்கிழமைப் பகலின் விலை பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும்.

இப்போது ஒவ்வொரு நர்ஸுக்காகவும் கணினி ஒரு கேள்வி கேட்கிறது: இன்றைய விலைக்கு, இவருடைய விருப்பத்தையும் கழித்துப் பார்த்தால், அதிக லாபம் தரும் 28 நாள் வரிசை எது? இது முதல் நாளிலிருந்து 28ஆம் நாள்வரை சிறந்த பாதை தேடும் கணக்கு, போன் வரைபடத்தில் வழி கண்டுபிடிக்கும் கணக்கின் உறவுக்காரன், விரைவில் முடியும். கிடைத்த வரிசையைக் கூட்டத்தில் சேர். சேர்ந்ததும் விலைகள் மாறும். மறுபடி கேள். லாபம் தரும் வரிசை இனி எதுவுமே இல்லை என்ற நிலை வரும்போது, பின்னக் கணக்கைப் பொறுத்தவரை, கண்ணால் பார்க்காத கோடானுகோடி வரிசைகள் தேவையே இல்லை என்று நிரூபணமாகிவிடுகிறது. விமான நிறுவனங்கள் விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் பட்டியல் போடுவதும் இதே வழியில்தான்.

வேறொரு சிந்தனைப் பள்ளியினரும் உண்டு. அவர்களுக்கு நிரூபணத்தில் ஆர்வம் குறைவு, நல்ல பட்டியல் சீக்கிரம் கிடைத்தால் போதும். எப்படியாவது ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு, இருவருடைய ஷிஃப்டை மாற்றிப் பார்ப்பார்கள். அபராதம் குறைந்தால் வைத்துக்கொள்வார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த ஒரு மாற்றமும் உதவாத, ஆனால் சுமாரான பட்டியலில் போய் மாட்டிக்கொள்ளலாம். தப்பிக்க என்ன வழி? 1983இல் ஐபிஎம்மைச் சேர்ந்த கிர்க்பாட்ரிக் குழுவினர் உலோகவியலிலிருந்து ஒரு யோசனை எடுத்தார்கள். காய்ச்சிய உலோகம் மெல்ல ஆறும்போது அதன் அணுக்கள் ஆரம்பத்தில் தாறுமாறாகத் துள்ளி, பிறகு அடங்கி, ஒழுங்கான அமைப்பில் படியும். அதேபோல் தேடலின் ஆரம்பத்தில் மோசமான மாற்றங்களையும் துணிந்து ஏற்றுக்கொள். போகப் போகக் கறாராகு. சில ஆண்டுகளில் ஃப்ரெட் குளோவர் வேறொன்று சொன்னார்: இப்போதுதான் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்யக் கூடாது என்று ஒரு தடைப் பட்டியல் வைத்துக்கொள், வட்டத்தில் சுற்றமாட்டாய். பெல்ஜிய மருத்துவமனைகளில் 1990களில் நுழைந்த 'பிளேன்' என்ற மென்பொருள் இந்தத் தடை உத்தியை வைத்தே நர்ஸ் பட்டியல்களைப் போட்டது. 2010இல் சர்வதேச நர்ஸ் பட்டியல் போட்டி ஒன்றே நடத்தினார்கள். உலகத்தில் என்னென்னவோ போட்டிகள் நடக்கின்றன. இது உண்மையிலேயே உபயோகமானது.

நியாயத்தை எப்படி எண்ணாக்குவது? நான்கு சனிக்கிழமை இரவுகள், இரண்டு நர்ஸ்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு போட்டாலும், ஒருவர் தலையில் நான்கையும் கட்டினாலும் கூட்டுத்தொகை நான்குதான். கூட்டலுக்கு நியாயம் தெரியாது. ஆகவே கூட்டுவதற்கு முன் வர்க்கம் எடுக்கிறார்கள். இரண்டும் இரண்டும் என்றால் 4, 4, மொத்தம் 8. மூன்றும் ஒன்றும் என்றால் 9, 1, மொத்தம் 10. நான்கும் பூஜ்யமும் என்றால் 16. குறைந்த எண்ணைத் தேடும் இயந்திரம் யாரும் சொல்லாமலே சமமாகப் பங்கிடத் தொடங்குகிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு, ஒரு தொழிற்சங்கத்தின் வேலையைப் பார்க்கிறது.

ஆனால் அபராதப் புள்ளிகளை நிர்ணயிப்பது யார்? கேட்ட விடுப்பு மறுக்கப்பட்டால் 10 புள்ளி, இரண்டு டியூட்டிகளுக்கு நடுவே ஒற்றை ஆஃப் விழுந்தால் 15 என்று யாரோ ஒருவர் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறார். அந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால் வேறொரு பட்டியல் வரும்; வேறொருவர் பிள்ளையின் பிறந்த நாள் கேக் அம்மா இல்லாமல் வெட்டப்படும். தேடுவதில் இயந்திரத்தை முழுமையாக நம்பலாம் என்பது என் எண்ணம். இந்த எண்களை மட்டும் பூட்டிய அறையில் வைக்காமல், பட்டியலோடு சேர்த்து அதே சுவரில் ஒட்டிவிட்டால் நல்லது. கணினி போட்ட பட்டியலைச் சிஸ்டர் ஒரு முறை பார்த்துக் கையால் திருத்துவது இன்றும் வழக்கம்தான். யாரும் எழுதிவைக்காத விதிகள் அவருக்குத் தெரியும்; இந்த இருவரை ஒரே இரவில் போட்டால் வார்டு விடியாது என்பது போன்றவை.

பட்டியல் ஒட்டியாயிற்று. இங்கிலாந்து மருத்துவமனைகளின் செயல்திறன் பற்றி லார்ட் கார்ட்டர் 2016இல் அளித்த அறிக்கை, ஆறு வாரம் முன்கூட்டியே அதை வெளியிட வேண்டும் என்றது. ஆறு வாரத்தில் மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும். அதிகாலை ஐந்து மணிக்கு ஒருவர் போன் செய்து வர முடியாது என்கிறார். உடனே புதிதாக ஒரு சிறந்த பட்டியல் போட்டுவிடலாமே? போடலாம், ஆனால் அது முப்பது பேருடைய மாதத்தையும் கலைத்துப்போடும். திருமணத்துக்கு டிக்கெட் எடுத்தவர் என்ன செய்வார்? ஆகவே இப்போது புதிர் தலைகீழாகிறது. சிறந்த பட்டியல் எது என்ற கேள்வி போய், பழைய பட்டியலிலிருந்து மிகக் குறைந்த கட்டங்களை மாற்றி ஓட்டையை அடைப்பது எப்படி என்ற கேள்வி வருகிறது. தகுதியும் ஓய்வு நேரமும் பொருந்துகிறவர்களை மென்பொருள் வடிகட்டி, அவர்கள் போனுக்கு மட்டும் காலி ஷிஃப்டை அனுப்புகிறது. தற்காலிக ஊழியர்களுக்கென்றே மருத்துவமனைகள் வைத்திருக்கும் தனித் தொகுப்பிலிருந்து யாராவது ஒருவர் விரலால் தொட்டு ஏற்றுக்கொள்வார்.

எத்தனை நர்ஸ் என்பதே பாதிக் கேள்விதான். எப்படிப்பட்ட நோயாளிகள் என்பது மீதி. ஆறு பேர் நடமாடுகிறவர்கள் என்றால் வேலை ஒருவிதம். ஆறு பேரும் படுத்த படுக்கை என்றால் வேறுவிதம். இங்கிலாந்தில் நோயாளிகளை நிலை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறார்கள். வார்டு அந்தக் கணக்கைத் திரையில் பதிவு செய்ததும், எந்த வார்டில் கை குறைகிறது, எங்கே கொஞ்சம் மிச்சம் என்பது மருத்துவமனை முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. இதன் அவசியத்தை லிண்டா எய்க்கன் குழு 2002இல் காட்டியது. பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அது. நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடியிருந்தது.

சம்பளப் பக்கமும் இதே கட்டங்களிலிருந்துதான் ஓடுகிறது. அங்கே சனிக்கிழமை வேலைக்குப் பெரும்பாலான நர்ஸ்களுக்கு 30 சதவீதம் கூடுதல், ஞாயிற்றுக்கிழமைக்கு 60. சனி மாலை தொடங்கும் இரவு டியூட்டி நள்ளிரவில் ஒரு விகிதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஒரே கட்டம், இரண்டு விலை.

இந்தியாவில் நமக்கு இல்லாத ஒரு தலைவலியும் அவர்களுக்கு உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குப் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பிவைப்பார்கள். அன்றிரவு வார்டில் இருப்பவருக்கு ஒன்றரை மணி இரண்டு முறை வரும். பன்னிரண்டரை மணி நேர டியூட்டி பதின்மூன்றரை ஆகிவிடும். மருந்து 1.30க்குக் கொடுத்ததாக எழுதினால் எந்த 1.30? மார்ச் கடைசி ஞாயிறு நேர்மாறு. ஒரு மணி அடித்ததும் இரண்டாகிவிடும், டியூட்டி பதினொன்றரை மணி நேரத்தில் முடியும். குழப்பத்தைத் தவிர்க்க நல்ல மென்பொருள்கள் எல்லாவற்றையும் உள்ளுக்குள் மாறாத உலக நேரத்தில் வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் உள்ளூர்க் கடிகாரத்தைக் காட்டுகின்றன. அக்டோபரில் அந்த நீண்ட இரவு யார் தலையில் விழுந்ததோ அவருக்கே மார்ச்சின் குட்டை இரவைக் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் நினைத்தால், அதையும் ஒரு விதியாக எழுதி, இத்தனை புள்ளி என்று போட்டுவிடலாம். கணினிக்கு அது இன்னொரு வரி.